எண்ணிக்கை சரி

"அரைஞாணைக் கழட்டிப்போட்டு வாங்கோ"
என்றான் எக்ஸ்ரே பெடியன்.
நான் அரைஞாண் கட்டுவதில்லை.
"அப்ப தாயத்து? ஊசி? வேறேதும்?"
தையல்காரிதான், ஆனாலும்
ஊசிகளைக் கடையில் விட்டுத்தான் வந்திருந்தேன்.

இரண்டாம் படத்திலும்
இடுப்பெலும்புக்கு மேலே
சுருண்டு கிடந்தது அந்த வெள்ளை நூல்.
வெளிச்சப் பெட்டியில் வைத்துப் பார்த்தவன்
குரலைத் தணித்தான்:
"அக்கா, ஷெல் பட்டதோ?"

திருகோணமலையில் அது வழமையான கேள்வி.
சின்னையாவின் தொடையில்
மூதூரில் வாங்கிய துண்டொன்று இருக்கிறது.
எடுத்தால் கால் போகும் என்று
தெரிந்தே விட்டார்கள்.
மழைக்கு முதல் நாள் அது அவரிடம் சொல்லிவிடும்.
எறிந்தவர்களைத் திட்டிக்கொண்டே
அவர் விறகை உள்ளே எடுத்து வைப்பார்.
நான் யாரைத் திட்ட?
எனக்குள் இருந்தது
என்னைக் காப்பாற்றிய கையொன்றின் துணி.

ஏழு வருடம்.
கயலினிக்குப் பல் முளைத்து, விழுந்து,
மறுபடி முளைத்தது.
அவள் வெளியே வந்த வழியால்
அது உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.
காஸ்ட்ரிக் என்றார் பாலையூற்று டாக்குத்தர்.
மனக்கவலை என்றார் இன்னொருவர்.
கண்ணூறு என்று மாமி உப்புச் சுற்றிப்போட்டா.
கன்னியாவின் ஏழு கிணற்றிலும்
வாளி வாளியாய் அள்ளி ஊற்றினேன்.
கிணற்றுக்கொரு சூடு.
வலி மட்டும் ஒரே சூடு.

பஸ் ஸ்டாண்டில் மான்கள் லஞ்ச் சீட் தின்னும்,
கறி வாசத்துக்காக.
போன வருடம் செத்த கொம்பனைக் கீறியபோது
வயிறு முழுக்கப் பொலித்தீன் என்று கதை.
அது பசித்துத் தின்றது.
நான் மயங்கிக் கிடந்தேன்.

ஒரு மாதம் அலைந்தபின்
பழைய கோப்பைக் காட்டினார்கள்.
பஞ்சுத்துணி பத்து. எண்ணிக்கை சரி.
பக்கத்தில் உருண்டையான கையொப்பம்,
பேனா தாளை அழுத்தியிருந்தது, சந்தேகமேயில்லாமல்.
கட்டில் பதினொன்று இருந்திருக்கலாம்
என்றார் பெரிய டாக்குத்தர், யன்னலைப் பார்த்து.
பத்துப் போய்ப் பத்து வந்தால்
கணக்கில் பிழையில்லைத்தானே.

அந்தக் கையை எனக்குத் தெரியும்.
அதாவது, எனக்கும் அப்படியொரு கை இருக்கிறது.
தீபாவளிக்கு முதல் நாள் இரவு, பதினேழு சட்டை,
கரண்ட் போய்ப் போய் வந்தது.
விடிந்தபின்
புவனமலர் ரீச்சரின் விலாவில் குண்டூசி.
அவ அதைக் கொண்டுவந்து
என் மேசையில் வைத்தா.
மிச்சக் காசையும் வைத்தா.
மன்னிச்சுக்கொள்ளுங்கோ ரீச்சர் என்றேன்.
ஒன்றும் சொல்லவில்லை.
இப்போது வேறு கடையில் தைக்கிறா.

என்னிடம் அந்தச் சொல்லை
இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

இரண்டாம் முறை முதுகில் ஊசி போட்டார்கள்.
இடுப்புக்குக் கீழே நான் இல்லை,
காது மட்டும் இருந்தது.
எடுத்ததைக் காட்டச் சொன்னேன். காட்டவில்லை.
யாரோ மூச்சை இழுத்ததும்
யன்னலைத் திற என்று சொன்னதும் கேட்டது.

பிறகு பச்சைத் திரைக்கு அப்பால்
எண்ணத் தொடங்கினார்கள், சிங்களத்தில்:
எக்கய், தெக்கய், துனய்...
கூடவே நானும் வாய்க்குள், தமிழில்.
ஒன்பதில் நின்றது குரல்.

வாளியொன்று உருண்டது.
யாரோ குனிந்தார்கள்.
தஹய, என்றது குரல், கொஞ்சம் அவசரமாக.

"மிஸ், இன்னொருக்கா எண்ணுங்கோ."

தைக்க வந்த ஊசி நின்றிருக்க வேண்டும்.
ஏசி மட்டும் இரைந்தது.
பிறகு அவ
எனக்காகவோ தனக்காகவோ
தெரிந்த தமிழில் தொடங்கினா:
ஒண்டு.
ரெண்டு.
மூண்டு.
நாலு.
அதற்குப் பிறகு அவவுக்கு வரவில்லை.

அஞ்சு, என்றேன் நான்.